மூன்றாவது அழைப்பு

"என் கம்ப்யூட்டர்ல நல்லாத்தானே ஓடுது?"

எங்கள் தொழிலில் இது தேசிய கீதம். வாடிக்கையாளர் யார் வந்து எந்தக் குறையைச் சொன்னாலும் முதுகை நிமிர்த்தி இதைத்தான் பாடுவோம். பாடி முடிப்பதற்குள் பாதிப் பேர் தங்கள்மேல்தான் தப்பு என்று நம்பி எழுந்து போய்விடுவார்கள். அதற்காகவே ஏற்பட்ட பாட்டு.

சொரிமுத்து அண்ணாச்சி எழுந்து போகவில்லை.

"உங்க கம்ப்யூட்டரையா சார் கோர்ட்டு வாசல்ல நிப்பாட்டியிருக்கு? நான்லா நிக்கேன்" என்றார்.

அவர் குடும்ப நீதிமன்றத்தில் டவாலி. வெள்ளை உடுப்பு, குறுக்கே சிவப்புப் பட்டை, அதில் பித்தளை வில்லை. வழக்கு எண் வந்ததும் வாசலில் நின்று கட்சிக்காரர் பெயரைக் கூப்பிடுவது அவர் வேலை. இந்தக் காலத்தில் வழக்கு எண் எல்லோர் கைக்கடிகாரத்திலும் ஒளிர்கிறது, சுவர்த் திரையில் ஓடுகிறது, மாடு மேய்க்கிறவர் காதுக்குள்ளும் வந்து சொல்கிறது. ஆனாலும் ஓர் ஆள் வாய்விட்டு மூன்று முறை கூப்பிட்ட பிறகுதான் 'வரவில்லை' என்று எழுதலாம் என்ற விதியை மட்டும் யாரும் எடுக்கவில்லை. எடுக்க மறந்துவிட்டார்கள் என்பது என் கட்சி. மனசு வரவில்லை என்பது அண்ணாச்சியின் கட்சி.

அப்படிக் கூப்பிடுகிற மனிதருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. அறுத்தார்கள். உயிர் நின்றது, குரல் போயிற்று. அங்கேதான் நாங்கள் வருகிறோம்.

கம்பெனி என்று சொன்னால் பெரிதாகத் தோன்றும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பரோட்டாக் கடை மாடியில் மூன்று பேர், அவ்வளவுதான். கழுத்தில் கட்டிக்கொள்ளும் குரல்பட்டை செய்கிறோம். கழுத்துத் தசையும் உதடும் அசைவதைப் பட்டை படிக்கும். அந்த ஆளுடைய பழைய கல்யாண வீடியோ, சண்டை வீடியோ எல்லாவற்றிலிருந்தும் பொறுக்கி எடுத்த அவர் குரலிலேயே பேசும். மாவட்டத்தில் இருநூறு பேருக்கு மேல் எங்கள் புண்ணியத்தில் பேசுகிறார்கள், திட்டுகிறார்கள், பொய் சொல்கிறார்கள்.

எங்கள் புண்ணியம் என்பதும் பேச்சுக்குத்தான். பட்டைக்குள் ஓடும் புரோகிராமில் நான் எழுதியது கால்வாசி. மீதியெல்லாம் ஊரில் உள்ளவர்கள் எழுதியது. மூச்சுக்கு ஒரு கம்பெனி, உதட்டுக்கு ஒரு கம்பெனி, சிரிப்புக்கு ஒரு கம்பெனி. அவர்கள் செய்த பாகங்களை உரிமம் வாங்கி உள்ளே பொருத்துகிறோம். கல்யாண வீட்டுச் சமையல் மாதிரி. சாம்பார் ஓர் ஆள், பாயசம் ஓர் ஆள். பந்தியில் நடந்து "நல்லாச் சாப்பிடுங்க" என்று சொல்கிறவன் மட்டும் நான்.

மற்றவர்கள் எல்லாம் பேசினால் போதும் என்று வருவார்கள். அண்ணாச்சி மட்டும் முதல் நாளே தாளில் எழுதிக் காட்டினார்: 'பேச்சு இல்லாட்டியும் போகுது. கூப்பிடணும்.'

வேலைக்காகக் கேட்கிறார் என்று நினைத்தேன். பட்டை மாட்டி, பேச்சு வந்த பிறகுதான் சொன்னார். அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் ஊமையாக இருந்த நாட்களில் ஒரு காலையில் அவர் மனைவி பேராச்சி கொல்லையில் துணி துவைக்கும்போது அப்படியே சாய்ந்திருக்கிறார். அக்கம்பக்கத்தைக் கூப்பிட இவருக்குக் குரல் இல்லை.

"தெருவுல நின்னு எவர்சில்வர் தட்டைத் தட்டுனேன் சார். எல்லாரும் குப்பை வண்டின்னு நெனச்சு வாளியத் தூக்கிட்டு வந்தாங்க. வந்தாங்க, ஆனா மெதுவா வந்தாங்க."

அவர்கள் வந்து சேர்வதற்குள் பேராச்சிக்கு மூச்சு நின்றிருந்தது.

கூப்பிடுவது என்றால் பேச்சைச் சத்தமாக வைப்பது இல்லை. ஒரு பெயரைத் தூரத்துக்கு எறிவது வேறு வித்தை. அந்தப் பாகத்தை உலகத்திலேயே ஒரே ஒரு வெளிநாட்டுக் கம்பெனிதான் நன்றாகச் செய்கிறது. பெயர் வேண்டாம். அவர்களுடைய வக்கீல்கள் என்னைவிட நன்றாகத் தமிழ் படிப்பார்கள். முறைப்படி உரிமம் வாங்கி உள்ளே வைத்தேன். மருத்துவக் குழு அண்ணாச்சியைக் கூப்பிடச் சொல்லிப் பார்த்துவிட்டு, வேலைக்குத் தகுதி என்று எழுதிக் கொடுத்தது. பக்கத்தில் மடிக்கணினியோடு நானும் இருந்தேன்.

இப்போது வந்து சொல்கிறார், கோர்ட்டில் மூன்றாவது முறை கூப்பிடும்போது குரல் வரவில்லை என்று.

"ரெண்டு வருது. மூணாவது வாயத் தொறக்கேன், காத்துத்தான் போகுது. திரும்பவும் கூப்பிட்டாலும் அதே கதிதான். பேசுனா மட்டும் நல்லாப் பேசுது."

"ரெண்டு வருதுல்லா? அதுக்குள்ள ஆளு வந்துர மாட்டாங்களா?"

அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வையில், கோர்ட்டுப் படி ஏறாத பாக்கியசாலி என்ற இரக்கம் இருந்தது.

"எங்க கோர்ட்டுல மொதத் தடவ கூப்பிட்டா, முழிச்சுக்கோன்னு அர்த்தம். ரெண்டாந் தடவன்னா செருப்பத் தேடுன்னு அர்த்தம். மூணாவதுக்குத்தான் சார் உள்ள வருவாங்க. ஹாலு சின்னது. முன்னாடியே வந்து நின்னா ஜட்ஜு அம்மா ஏசுவாங்க. வக்கீல்மாரே சொல்லிக் குடுத்துருவாங்க, மூணாவதுக்கு வான்னு. பொறந்ததுலருந்து அங்க அதுதான் பழக்கம்."

"சரி."

"போன திங்கக்கிழம மரிய புஷ்பம்னு ஒரு பொண்ணு. புருசன் வெளிநாட்டுல இருக்கான். ரெண்டாங்கிளாஸ் படிக்கிற புள்ளையத் தனக்குத் தரணும்னு கேஸ். நான் ரெண்டு தடவ கூப்பிட்டேன். அந்தப் பொண்ணு வேப்பமரத்தடியில செருப்ப மாட்டிட்டு மூணாவதுக்குக் காத்துக்கிட்டு நின்னிருக்கா. மூணாவது வரலை. அவ வக்கீலு வேற கோர்ட்டுல. கிளார்க்கு என் கழுத்து மூணு தடவ நிமிந்ததப் பாத்துட்டு, மூணு தடவ கூப்பிட்டும் வரலைன்னு எழுதிட்டாரு. எக்ஸ்பார்ட்டி. அவ இல்லாமலே புருசன் பக்கம் தீர்ப்பு."

"நீங்க சொல்ல வேண்டியதுதானே அண்ணாச்சி?"

"கிட்டப் போயிச் சொன்னேன். 'போம்வே, அம்மா கையெழுத்துப் போட்டாச்சு'ன்னாரு. சத்தமா நின்னு சொல்லியிருக்கணும். சொன்னா, குரல் இல்லாதவனுக்கு டவாலி வேல எதுக்குன்னு கேப்பாங்க. பயந்துட்டேன்." கழுத்துப் பட்டையைத் தடவிக்கொண்டார். "சாயங்காலம் கோர்ட்டப் பூட்டும்போது அந்தப் பொண்ணு வந்து கேக்கா சார், 'அண்ணாச்சி, எம் பேர எப்பக் கூப்பிடுவீய?'ன்னு."

கீழே பரோட்டா மாஸ்டர் கல்லில் கொத்திக்கொண்டிருந்தார்.

"புள்ளைய ஸ்கூல் தொறக்கதுக்கு முன்னாடி ஒப்படைக்கணும்னு உத்தரவு" என்றார். "பாத்து ஏதாவது செய்யுங்க."

"இப்பக் கூப்பிடுங்க, பாப்போம்."

"யார?"

"யாரையாவது."

"அப்பிடிச் சும்மா கூப்பிடக் கூடாது சார். ஒரு பேரக் கூப்பிட்டா அந்த ஆளு வரணும். வராத ஆளக் கூப்பிட்டு என்ன செய்ய?" யோசித்துவிட்டு மாடி வாசலில் போய் நின்று என் பெயரையே எடுத்தார். "கோமதிநாயகம்! கோமதிநாயகம்! கோமதிநாயகம்!"

மூன்றும் வந்தன. கீழே மாஸ்டர் கொத்துவதை நிறுத்திவிட்டு, "அவரு மேலதான இருக்காரு!" என்று பதில் கத்தினார்.

நான் என்ன செய்திருப்பேன் என்று நீங்களே ஊகிக்கலாம். தேசிய கீதத்தை இன்னொரு முறை பாடி அனுப்பிவைத்தேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தார். மறுபடி மூன்றும் வந்தன. அதற்கடுத்த நாள் நானே மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன். காலையிலிருந்து மதியம் வரை அண்ணாச்சி கூப்பிட்ட பெயர் ஒன்றில்கூட மூன்றாவது தவறவில்லை. மரத்தடியில் ஆட்கள் முதலாவதுக்குக் கொட்டாவி விட்டு, இரண்டாவதுக்குச் செருப்பைத் தேடி, மூன்றாவதுக்கு உள்ளே நடந்தார்கள். கடிகாரம் மாதிரி.

"நீங்க வந்தா வருது, போனா போயிருது" என்றார் அண்ணாச்சி. "நீங்க என்ன சார், மந்திரவாதியா?"

மந்திரவாதி இல்லை என்பது அடுத்த வாரம் தெரிந்தது. மடிக்கணினியின் பேட்டரி உப்பிப்போய் அதை ரிப்பேருக்குக் கொடுத்திருந்தேன். வெறுங்கையோடு கோர்ட்டுக்குப் போனேன். முதல் பெயரிலேயே மூன்றாவது விழவில்லை. அண்ணாச்சியின் கழுத்து நிமிர்ந்தது, நரம்பு புடைத்தது, வாய் ஒரு முழுப் பெயரைச் சொல்லி மூடியது, வாசலில் காற்று மட்டும் போயிற்று. இந்த முறை அவர் பயப்படவில்லை. மரத்தடிக்கே ஓடிப்போய் ஆளைத் தோளில் தட்டிக் கூட்டி வந்தார். எனக்கு மண்டையில் யாரோ தோசைக்கரண்டியால் தட்டின மாதிரி இருந்தது.

நானில்லை, என் பை.

எந்தப் பாகத்தை வாங்கினாலும் இரண்டு உரிமம் உண்டு. செய்கிறவனுக்கு ஒன்று, பயன்படுத்துகிறவருக்கு ஒன்று. செய்கிறவன் உரிமத்தில் எல்லாக் கதவும் திறந்திருக்கும், சோதித்துப் பார்க்க வேண்டுமே. அது என் மடிக்கணினியில் இருக்கிறது. அது பக்கத்தில் இருந்தால், பட்டை தன் சொந்த உரிமத்தை மறந்துவிட்டு அதைக் கடன் வாங்கிக்கொள்ளும். அப்பா பக்கத்தில் இருந்தால் பயல் தைரியமாகப் பேசுகிற மாதிரி. அப்படியானால் பட்டையில் இருக்கும் உரிமத்தில் ஏதோ ஒரு கதவு பூட்டியிருக்கிறது.

ஒப்பந்தத்தை முதல் முறையாக முழுக்கப் படித்தேன். 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஆயிரம் முறை அழுத்திய விரலோடுதான் படித்தேன். புரியவில்லை. கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். எடுத்தது மனிதர் இல்லை, இயந்திரம். ஆனால் தமிழ், பாடப்புத்தகம் எழுந்து வந்து பேசுவதுபோல் இருந்தது.

"வணக்கம், கோமதிநாயகம் அவர்களே. தங்கள் பட்டை மிகச் சரியாகவே இயங்குகிறது."

அடடா, என் கீதத்தை எனக்கே பாடுகிறது.

"மூணாவது தடவ கூப்பிட்டா ஏன் குரல் வரல?"

"தங்களிடம் இருப்பது தனிநபர் பேச்சு உரிமம். ஒரே பெயரை, ஒரே தொனியில், மூன்றாம் முறை உரக்கச் சொன்னால் அது பொது அறிவிப்பு என்று கணிக்கப்படுகிறது. அதற்கு அறிவிப்பு உரிமம் தேவை."

"அதக் குடுங்க."

"அது ரயில் நிலையங்களுக்கும் விமான நிலையங்களுக்கும் மட்டும் வழங்கப்படுகிறது. ஒரு கழுத்துக்கு வழங்குவதில்லை."

"ஒரு மனுசன் கூப்பிடுறதுக்கு உரிமம் வேணுமா?"

"அவர் தன் பொருட்டு அழைக்கிறாரா, பிறர் பொருட்டு அழைக்கிறாரா?"

"வீட்டுல யாரும் ஒரு ஆள மூணு தடவ கூப்பிட மாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"எங்கள் ஆய்வின்படி, வீட்டில் உள்ளவர்கள் இரண்டாவது அழைப்பிலேயே வந்துவிடுகிறார்கள்."

எந்த ஊரில் ஆய்வு செய்தார்களோ. என் வீட்டில் ஆறாவதுக்குத்தான் மகன் தலையைத் தூக்குவான்.

பூட்டை உடைக்கத் தெரியாதவனா என்றால், தெரியும். ஒரு மாலையில் முடிகிற வேலை. ஆனால் உடைத்தது தெரிந்தால் அவர்கள் எங்கள் கம்பெனியின் எல்லா உரிமத்தையும் ஒரே பொத்தானில் நிறுத்திவிடலாம். இருநூறு கழுத்தும் ஒரே காலையில் ஊமையாகும். அந்தத் தைரியம் எனக்கு இல்லை.

அதனால், அந்தக் காலத்தில் பாட்டு வேண்டிய வீட்டுக்கெல்லாம் கிராமபோன் பெட்டியைச் சுமந்து போனவர்களின் பரம்பரையில் சேர்ந்தேன். தினமும் காலையில், ரிப்பேர் முடிந்து வந்த மடிக்கணினியோடு கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்துகொள்வது. அண்ணாச்சி கூப்பிடுவார், மூன்றும் வரும். செய்கிறவன் உரிமம் சோதனைக்கு மட்டும் என்று ஒப்பந்தம் சொல்கிறது. ஆகவே ஒவ்வொரு நாளும் சோதனை என்று பதிவு செய்தேன். பதிவு செய்யும்போதெல்லாம், அழைப்பு யார் பொருட்டு என்று திரையும் கேட்கும். வராந்தாவில் என்னை ஏதோ நீண்ட சொத்து வழக்குக்காரன் என்று நினைத்து, "எத்தன வருசமா அலையுதீய?" என்று கேட்டார்கள். "பூர்வீகம்" என்றேன்.

அங்கேதான் மரிய புஷ்பத்தை நேரில் பார்த்தேன். மீன் வலைக் கம்பெனியில் வேலை. மகளையும் கூட்டிக்கொண்டு வருவாள். விட்டுவிட்டு வரப் பயம். தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி அவள் வக்கீல் ஆவுடையப்பன் மனு போட்டிருந்தார். ஆனால் கோர்ட்டுப் பதிவில் 'மூன்று முறை அழைத்தும்' என்று இருக்கிறதே. கூப்பிடவில்லை என்று யார் சொல்வது?

"நான் சொல்லுதேன்" என்றார் சொரிமுத்து அண்ணாச்சி.

"சொன்னா நாளைக்கே உங்களுக்கு வாசல்ல இடம் இருக்காது. தெரியும்லா?" என்றார் வக்கீல்.

"அந்தப் பொண்ணு பேர நான் ரெண்டு தடவதான் கூப்பிட்டிருக்கேன். மூணாவது பாக்கி நிக்கி." கொஞ்சம் பொறுத்து, "தூக்கம் வரமாட்டுக்கு வக்கீலய்யா" என்றார்.

விசாரணை நாளன்று அவரே கூண்டில் ஏறினார். நடந்ததைச் சொன்னார். பிறகு நான் ஏறி உரிமம், பாகம், கதவு, பூட்டு எல்லாவற்றையும் விளக்கினேன். நீதிபதி அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வாடகைக்கு எடுத்த குரல். பேசலாம், கூவக் கூடாது. அப்படித்தானே?" என்றார். நான் அரை மணி நேரம் சொன்னது அதுதான்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "கதை நன்றாக இருக்கிறது. இதோ டவாலி இருக்கிறார், பட்டை இருக்கிறது. கூப்பிடச் சொல்லுங்கள்."

"யாரைக் கூப்பிடச் சொல்ல?" என்றார் அம்மா.

"சாட்சியையே கூப்பிடட்டும்."

நான் கூண்டில் நிற்க, அண்ணாச்சி வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். "கோமதிநாயகம்! கோமதிநாயகம்! கோமதிநாயகம்!"

மூன்றும் மணி மணியாக வந்தன. ஹாலே சிரித்தது. எதிர்த்தரப்பு வக்கீல் கைகளை விரித்துக் காட்டிவிட்டு உட்கார்ந்தார். அவர் சொல்லாமல் விட்டதை நான் மனதுக்குள் பாடிக்கொண்டேன்: நல்லாத்தானே ஓடுது?

புஷ்பத்தின் மகள் வாசல் ஓரமாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் தோளில் கனம் உறைத்தது. பை. இத்தனை நாள் பழக்கத்தில் மடிக்கணினியோடு வந்து கூண்டில் நிற்கிறேன். மூடித்தான் இருந்தது. ஆனால் அந்தச் சனியன் மூடினாலும் தூங்காது, அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும்.

"அம்மா, நான் இங்க இருக்கக் கூடாது" என்றேன்.

"சாட்சி ஓடப் பார்க்கிறார்" என்றார் எதிர்த்தரப்பு.

"ஓடட்டும், பார்ப்போம்" என்றார் அம்மா. "எவ்வளவு தூரம் ஓடணும்?"

"கேட்டுக்கு வெளிய, டீக்கடை வரைக்கும்."

போனேன். அங்கிருந்து கேட் வழியாக வேப்பமரம் தெரியும், புஷ்பத்தின் மகள் திரும்பித் தாயிடம் ஓடுவது தெரியும், வாசல் தெரியாது. ஆனால் அண்ணாச்சியின் குரல் வரும். அதற்காகத்தானே அந்தப் பாகத்தை வாங்கினேன்.

"மரிய புஷ்பம்!"

முதல் அழைப்பு. ஹாலில் இடமில்லாமல் மரத்தடியில் காத்திருந்த புஷ்பம் செருப்பைக்கூடத் தேடவில்லை. வெறுங்காலோடு மகளை இழுத்துக்கொண்டு ஒரே ஓட்டமாக உள்ளே ஓடினாள். பாவம், ஒருமுறை காத்து நின்று கெட்டவள். இனி ஜென்மத்துக்கும் முதலாவதுக்கே ஓடுவாள். அவளுக்காக நடக்கிற சோதனையை அவளே கெடுத்துவிட்டாள்.

உள்ளே அப்புறம் நடந்ததை வக்கீல் ஆவுடையப்பன்தான் எனக்குப் பிறகு சொன்னார். எல்லோரும் மறுபடி சிரித்தார்களாம். அம்மா சிரிக்கவில்லையாம். "யார் பெயரைச் சொன்னாலும் ஓடி வந்துவிடுவார்கள்போல. வராத ஆள் ஒருவரைக் கூப்பிடுங்கள், சொரிமுத்து" என்றாராம். அண்ணாச்சி பிறகு தோளில் சிவப்புப் பட்டையைச் சரிசெய்துகொண்டு வாசலுக்குத் திரும்பினாராம்.

டீக்கடையில் எனக்குக் கேட்டது இவ்வளவுதான்.

"பேராச்சி!"

கையில் இருந்த டம்ளரை வைத்துவிட்டேன்.

"பேராச்சி!"

டவாலிக் குரல் இல்லை அது. கோர்ட்டு வாசலில் இருந்து வீசியதும் இல்லை. கொல்லைப்பக்கம் பார்த்துக் கூப்பிடுகிற குரல். அந்தக் கம்பெனி தொனி தொனி என்று அளந்து வைத்திருக்கிறதே, இதை எந்தத் தொனியில் சேர்ப்பார்கள் என்று தெரியவில்லை.

பிறகு ஒன்றும் இல்லை.

நான் நின்ற இடத்திலிருந்து நாலு எட்டு உள்ளே வைத்தால் போதும். என் பையில் இருப்பதைப் பட்டை மோப்பம் பிடித்துக்கொள்ளும். அவர் வாய் அங்கே மூன்றாவது முறை திறந்திருக்கும், நரம்பு புடைத்திருக்கும், எனக்குத் தெரியும். நாலு எட்டு. வைத்தால் ஒரு மனிதர் தன் மனைவியைக் கூப்பிட்டு முடிப்பார். வைக்காவிட்டால் ஒரு பெண்ணுக்குத் தன் பிள்ளை மிஞ்சும். பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, யாரோ என்னைத் தள்ளிவிடப் போகிற மாதிரி டீக்கடை பெஞ்சோடு ஒட்டி நின்றேன்.

"பேராச்சி யாரு சார்? என்ன கேசு?" என்றார் டீக்கடைக்காரர்.

"தெரியல" என்றேன்.

தீர்ப்பு ரத்தானது. வழக்கு மறுபடி முதலிலிருந்து நடக்கும், அதுவரை பிள்ளை தாயோடு இருக்கலாம் என்று உத்தரவு. அதே தாளில், சொரிமுத்து அழைப்புப் பணியிலிருந்து பதிவறைக்கு மாற்றப்படுகிறார் என்றும் ஒரு வரி இருந்தது. அம்மாவைக் குறை சொல்ல முடியாது. இரண்டுமே சரியான வரிகள்தான்.

சாயங்காலம் கோர்ட்டு கலைந்துகொண்டிருந்தது. மரத்தடியில் பத்துப் பதினைந்து பேர், பஸ்ஸுக்கு நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அண்ணாச்சி சிவப்புப் பட்டையை மடித்து, வில்லை மேலே தெரிகிற மாதிரி கையில் வைத்துக்கொண்டு வாசல் படியில் இருந்தார். புஷ்பம் மகளோடு வந்து அவரிடம் ஏதோ சொல்ல முயன்று, முடியாமல், வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"பதிவறை நல்லதுதான் சார்" என்றார் அண்ணாச்சி. "ஃபேன் இருக்கு. யாரையும் கூப்பிட வேண்டாம்."

நான் படியில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"அண்ணாச்சி, ஒரு டெஸ்ட் பாக்கி இருக்கு."

"இனி என்ன டெஸ்ட்டு? போதும் சார்."

"ரெண்டு கூப்பிட்டுட்டு விட்டுட்டீய. மூணாவது நிக்கில்லா."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை. "வராத ஆளக் கூப்பிடக் கூடாது சார்" என்றார் மெதுவாக.

"அம்மா சொன்னதும் கூப்பிட்டீயள்லா?"

முழங்காலில் கையூன்றி எழுந்தார். மடித்த சிவப்புப் பட்டையை விரித்துக் குறுக்கே போட்டுக்கொண்டார். அது இல்லாமல் வாசலில் நின்று கூப்பிட அவருக்கு வராதுபோல.

என் திரையில், ஒவ்வொரு சோதனைக்கும் கேட்கிற அந்தக் கேள்வி வந்து நின்றது. அழைப்பு யார் பொருட்டு? பிறர் பொருட்டு. தன் பொருட்டு. இத்தனை நாள் கண்ணை மூடிக்கொண்டு முதலாவதை அழுத்தி வந்தவன், இன்று இரண்டாவதை அழுத்தினேன். அந்த ஒப்பந்தத்தை மீறாமல் நான் செய்த ஒரே வேலை அது.

"பேராச்சி!"

மாடியில் புறாக்கள் கிளம்பின. மரத்தடியில் இருந்தவர்கள், பழக்கம், மூன்றாவது என்று உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார்களோ என்னவோ, எல்லோரும் எழுந்து நின்று கேட்டைப் பார்த்தார்கள்.

புஷ்பம் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, யாரோ உள்ளே வருவதற்கு வழி விடுகிறவள்போல் வாசலை விட்டு ஒதுங்கி நின்றாள்.